கருந்துளையின் மையம் ஓர் இடமல்ல

நம் பால்வீதியின் நடுவில் சஜிட்டேரியஸ் ஏ* என்ற கருந்துளை இருக்கிறது. சூரியனைப் போல் 43 லட்சம் மடங்கு நிறை. அதன் நிகழ்வெல்லையின், அதாவது தாண்டினால் ஒளியும் திரும்ப முடியாத விளிம்பின், ஆரம் 1.27 கோடி கி.மீ. இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கே 42 விநாடி பிடிக்கும். ஆனால் வெகுதொலைவிலிருந்து எஞ்சின் எதுவும் இல்லாமல் சும்மா விழுந்து வரும் ஒருவருக்கு, நிகழ்வெல்லையைத் தாண்டிய கணத்திலிருந்து மையத்தில் எல்லாம் முடியும்வரை கைக்கடிகாரத்தில் ஓடுவது 28 விநாடி மட்டுமே.

ஒளியை யாரும் முந்த முடியாது. அப்படியிருக்க இது எப்படி? இரண்டு எண்களும் சரிதான். பொதுச் சார்பியலின் சமன்பாடுகளிலிருந்து நேராக வருபவை. பிழை நம் மனத்தில் இருக்கும் படத்தில் இருக்கிறது. ஒரு பெரிய கறுப்பு உருண்டை, அதன் நடுவே ஒரு புள்ளி, விளிம்பிலிருந்து அந்தப் புள்ளிக்கு 1.27 கோடி கிலோமீட்டர் வழி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு வழியே அங்கே கிடையாது.

தமிழில் நாம் புழங்கும் சொற்களும் இந்தப் படத்தைத்தான் ஊட்டுகின்றன. 'துளை' என்றதும் ஓர் ஓட்டை தெரிகிறது. எல்லாம் முடியும் அந்த மையத்தை 'ஒருமைப்புள்ளி' என்றதும் ஒரு புள்ளி தெரிகிறது. சொற்களை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் அந்தப் 'புள்ளி' என்ற பின்னொட்டை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்கப் பழகினால், கருந்துளை பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஆரம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நிகழ்வெல்லையின் ஆரத்துக்குச் சுவார்ட்ஸ்சைல்டு ஆரம் என்று பெயர். அதற்கான சூத்திரம் எளிது: ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மனக்கணக்குக்கு இன்னும் எளிய வழி, ஒரு சூரிய நிறைக்கு 2.95 கி.மீ. என்று வைத்துக்கொள்வது. நிறை இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும். பூமியை அந்த அளவுக்கு அமுக்கினால் ஆரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எம்87 விண்மீன்திரளின் நடுவில் இருக்கும் எம்87* என்ற கருந்துளை 650 கோடி சூரிய நிறை. ஆரம் சுமார் 1,920 கோடி கி.மீ., அதாவது சூரியனிலிருந்து புளூட்டோவுக்குள்ள சராசரித் தூரத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆரம் நிறைக்கு நேர்விகிதத்தில் வளர்வதால் ஒரு வியப்பான விளைவு உண்டு. நிறையை, அந்த ஆரமுள்ள சாதாரண உருண்டையின் கனஅளவால் வகுத்துப் பார்த்தால், எம்87*-க்கு ஒரு கனமீட்டருக்கு 0.44 கிலோ வருகிறது. நாம் மூச்சு விடும் காற்றின் அடர்த்தி 1.2 கிலோ. கருந்துளை உருவாகப் பொருளைக் கற்பனைக்கெட்டாத அளவுக்கு நெருக்கியாக வேண்டும் என்பது சிறிய கருந்துளைகளுக்கு மட்டுமே உண்மை. 1783-லேயே இங்கிலாந்தில் ஜான் மிச்செல் இதைத் தொட்டுவிட்டார். சூரியனின் அடர்த்தியே கொண்ட ஒரு விண்மீன், சூரியனைப் போல் 500 மடங்கு குறுக்களவு இருந்தால் அதன் ஒளி வெளியேற முடியாது என்று நியூட்டனின் விதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டார். இன்று போட்டுப் பார்த்தாலும் 486 மடங்கு என்று வருகிறது.

ஆனால் அந்த அடர்த்திக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கருந்துளையின் ஆரம் யாரும் நாடா பிடித்து மையத்திலிருந்து அளந்தது அல்ல. நிகழ்வெல்லையின் சுற்றளவை எடுத்து, 2 பை-ஆல் வகுத்தால் வருவதைத்தான் ஆரம் என்கிறோம். சமதளக் காகிதத்தில் இரண்டும் ஒன்று. வளைந்த காலவெளியில் இரண்டும் வேறு. தொடக்கத்தில் சொன்ன 1.27 கோடி கி.மீ. சுற்றளவிலிருந்து வந்த எண். உள்ளே அவ்வளவு தூரம் இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

விளிம்பில் என்ன இருக்கிறது

கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்முனையில் பணியில் இருந்தபோதே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டார். அது 1916-இல் வெளியானது; அதே ஆண்டு மே மாதம் நோயால் இறந்துபோனார். அவர் தீர்வை இன்று நாம் எழுதும் வடிவில் இரண்டு இடங்களில் வகுஎண் சுழியமாகிறது: ஒன்று ஆரம் சுழியமாகும்போது, இன்னொன்று ஆரம் மேலே சொன்ன சூத்திரம் தரும் அளவாகும்போது, அதாவது நிகழ்வெல்லையில். இந்த இரண்டாவது இடத்தில் உண்மையிலேயே ஏதோ உடைகிறது என்று நம்பிப் பலர் பல ஆண்டுகளைக் கழித்தார்கள்.

உடைந்தது காலவெளி அல்ல, வரைபடம். வடதுருவத்தில் நின்றுகொண்டு தீர்க்கரேகை என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால் துருவத்தில் நிலம் கிழிந்திருக்கிறது என்று பொருளல்ல. சோதிக்கும் வழி, எந்த ஆயத்தொலையையும் சாராத வளைவின் அளவைக் கணக்கிடுவது. அது ஆரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. நிகழ்வெல்லையில் அது முடிவுள்ள, பெரிய கருந்துளைகளுக்கு மிகச் சிறிய ஓர் எண். சுழியத்தில் மட்டுமே அது எல்லையின்றிப் போகிறது. 1924-இல் எடிங்டன் எழுதிய ஆயத்தொலைகளில் விளிம்பு தடங்கலின்றித் தெரிந்தது, ஆனால் அவரே அதைச் சுட்டிச் சொல்லவில்லை. 1933-இல் லெமேத்ர் சொன்னார். 1958-இல் ஃபிங்கெல்ஸ்டைன், நிகழ்வெல்லை ஒருவழிப் பாதை என்று தெளிவாக எழுதிய பிறகுதான் விஷயம் பரவலாக ஏற்கப்பட்டது. 

அந்த ஒருவழித்தன்மையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி பென்லவே, குல்ஸ்ட்ராண்ட் இருவரும் 1921, 1922-இல் தனித்தனியே எழுதிய வடிவம். அதில் விண்வெளிதான் ஓர் ஆற்றைப் போல உள்நோக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தின் வேகம் அந்த இடத்தின் விடுபடு வேகம், அதாவது அங்கிருந்து ஈர்ப்பை மீறித் தப்பத் தேவையான வேகம். ஒளி அந்த ஆற்றில் ஒரே வேகத்தில் நீந்தும் மீன். தொலைவில் ஓட்டம் மெதுவானது, மீன் எந்தப் பக்கமும் போகலாம். நிகழ்வெல்லையில் ஓட்டத்தின் வேகம் ஒளிவேகத்துக்குச் சமம். எதிர்நீச்சல் போடும் மீன் அங்கேயே நிற்கும். உள்ளே ஓட்டம் ஒளியையும் மிஞ்சும். வெளிப்பக்கம் பார்த்து அடித்த டார்ச் வெளிச்சமும் பின்னோக்கியே இழுபடும். ஓட்டத்தோடு மிதந்து வரும் ஒருவருக்கோ அந்தக் கோட்டைத் தாண்டும்போது எந்த அடையாளமும் தெரியாது. அங்கே சுவரும் இல்லை, சத்தமும் இல்லை.

ஒரே இடத்தில் நிற்க முயல்பவருக்குத்தான் தொல்லை. நிகழ்வெல்லையை நெருங்க நெருங்க, நின்ற இடத்திலேயே நிற்கத் தேவையான உந்துவிசை எல்லையின்றி ஏறும். 'கருந்துளையின் விளிம்பில் ஈர்ப்பு முடிவிலி' என்று படிப்பது இதைத்தான். விழுபவருக்கு அந்த எண்ணோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவரைப் பாதிப்பது ஓத விசை: காலுக்கும் தலைக்கும் இடையே முடுக்கத்தில் உள்ள வேறுபாடு. கடலில் ஓதத்தை எழுப்புவதும் இதே விசைதான்.

இரண்டு மீட்டர் உயரத்துக்கு, நிகழ்வெல்லையில் இந்த வேறுபாடு 10 சூரிய நிறைக் கருந்துளையில் புவியீர்ப்பைப் போல் சுமார் 2.1 கோடி மடங்கு. எலும்பு என்ன, எஃகும் தாங்காது. சஜிட்டேரியஸ் ஏ*-இல் அதுவே விநாடிக்கு விநாடி 1.1 மில்லிமீட்டர்தான், புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எம்87*-இல் அளக்கவே கருவி வேண்டும். காரணம், நிகழ்வெல்லையில் ஓத விசை நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் வாசல் சாதுவாகிறது. 'கருந்துளைக்கு அருகில் போனாலே உடல் நூலாகிவிடும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுபவர்கள் நிறையைச் சொல்லாமல் விடுகிறார்கள். நிறையைச் சொல்லாத அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

ஒரு விழுதல், கடிகாரத்தோடு

சஜிட்டேரியஸ் ஏ*-ஐச் சுற்றி வாயுவோ காந்தப்புலமோ இல்லை, அது சுழலவும் இல்லை என்று வைத்துக்கொண்டு (உண்மையில் எல்லாம் உண்டு) ஒருவரை விழவிடுவோம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துக்கு அவர் வரும்போது வேகம் ஏற்கெனவே ஒளிவேகத்தில் 29 விழுக்காடு. அங்கிருந்து நிகழ்வெல்லைக்கு அவர் கடிகாரப்படி 18 நிமிடம் 33 விநாடி. நிகழ்வெல்லைக்கு 24 விநாடி முன்பு, ஆரத்தைப் போல் ஒன்றரை மடங்கில், ஒளியே வட்டமடித்துக்கொண்டிருக்கும் ஃபோட்டான் கோளத்தைத் தாண்டுவார். நிகழ்வெல்லையில் அவர் முதுகுக்குப் பின்னால் நேராக வரும் விண்மீன் ஒளியின் அதிர்வெண் சரிபாதியாகக் குறைந்திருக்கும். அவ்வளவுதான். பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுவதும் அந்தக் கணத்தில் கண்முன் ஓடி முடியும் என்று சொல்வதுண்டு, அது தவறு. மிதந்து விழுபவரின் கண்ணை எட்டுவது அதுவரை பின்தொடர்ந்து வந்த ஒளி மட்டுமே.

அதன் பிறகு 28 விநாடி. இதில் முதல் 27 விநாடிக்கும் மேலாக உடலுக்கு ஒன்றும் தெரியாது. காலுக்கும் தலைக்கும் இடையே பத்து மடங்கு புவியீர்ப்பு வேறுபாடு வரும்போது மிச்சம் இருப்பது 0.09 விநாடி. இந்த 0.09 எந்தக் கருந்துளைக்கும் ஒன்றே. கணக்கில் நிறை தானாக அடிபட்டுப்போகிறது. உடலின் நீளமும் ஓத விசையும் மட்டுமே மிஞ்சுகின்றன. 10 சூரிய நிறைக் கருந்துளையில் அந்தக் கட்டம் நிகழ்வெல்லைக்கு வெகு வெளியே, 3,760 கி.மீ. ஆரத்திலேயே வந்துவிடும், அதன் நிகழ்வெல்லையோ 29.5 கி.மீ. சஜிட்டேரியஸ் ஏ*-இல் அது நிகழ்வெல்லைக்கு நன்கு உள்ளே, 2.84 லட்சம் கி.மீ. ஆரத்தில் வரும்.

இங்கே மறுபடி அதே கேள்வி: 2.84 லட்சம் கி.மீ. ஆரத்திலிருந்து சுழியத்துக்கு 0.09 விநாடியா? அந்த நேரத்தில் ஒளி போவதே சுமார் 28,000 கி.மீ.தான்.

விடை சமன்பாட்டிலேயே இருக்கிறது. வெளியே, காலத்தைக் குறிக்கும் உறுப்புக்கு ஒரு குறி, ஆரத்தைக் குறிக்கும் உறுப்புக்கு எதிர்க்குறி. நிகழ்வெல்லையைத் தாண்டியதும் இரண்டின் குறிகளும் இடம் மாறுகின்றன. வெளியே ஆரம் என்பது இடம். கூடலாம், குறையலாம், நின்ற இடத்திலும் நிற்கலாம். உள்ளே ஆரம் என்பது காலம். தினசரி காலண்டரில் தாள் கிழிவதைப் போல அது ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வரும். நேற்றைக்கு நடந்து போக முடியாததைப் போல, பெரிய ஆரத்துக்குத் திரும்பிப் போக முடியாது. ஆரம் சுழியம் என்பது எங்கோ நடுவில் உட்கார்ந்திருக்கும் புள்ளி அல்ல. உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எதிர்காலத்தில் வரவிருக்கும் ஒரு கணம். சுற்றிலும் எந்தத் திசையில் பார்த்தாலும் அது தெரியாது, நாளை காலை எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராலும் கைகாட்ட முடியாததைப் போல.

அப்படியானால் உள்ளே இடம் எப்படி இருக்கும்? ஒரு நீண்ட குழாயைப் போல. வெளியே காலமாக இருந்த அச்சு உள்ளே அந்தக் குழாயின் நீளமாகிவிடுகிறது. நேரம் ஓட ஓடக் குழாயின் சுற்றளவு குறுகும், நீளம் இழுபடும். ஜவ்வு மிட்டாய் இழுபடுவதை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும்: நீள்வதும் மெலிவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். உடல் நூலாவதும் அதுவே. ஏதோ ஒரு விசை காலைப் பிடித்து இழுப்பதால் அல்ல, உடல் இருக்கும் இடமே அப்படி இழுபடுவதால்.

உள்ளே மாட்டிக்கொண்டவர் எஞ்சினை இயக்கி நேரத்தை நீட்டிக்கலாமா என்ற கேள்விக்கு அழகான விடை உண்டு. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக அதிக நேரம், ஆரத்தை ஒளிவேகத்தால் வகுத்து 1.57-ஆல் பெருக்கினால் வரும்: சஜிட்டேரியஸ் ஏ*-இல் 67 விநாடி, எம்87*-இல் 28 மணி நேரம். சும்மா விழுந்து வந்தவருக்கு இவை முறையே 28 விநாடி, 12 மணி நேரம். தாண்டிய உடனே எதிர்த்திசையில் ஒரு முறை வலுவாக உந்தி, குழாயின் நீளவாக்கில் நகராத நிலைக்கு வந்துவிட்டால் அதிகபட்ச நேரத்துக்கு அருகே போகலாம். ஆனால் அந்த நிலைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பதறிப்போய்த் தொடர்ந்து உந்தினால் கிடைத்த நேரம் சுருங்கும். காரணம் சார்பியலில் பிரபலமான இரட்டையர் புதிரில் வருவதேதான்: இரு நிகழ்வுகளுக்கு இடையே மிக அதிக நேரத்தைக் காட்டுவது சும்மா மிதக்கும் கடிகாரம், முடுக்கப்பட்ட கடிகாரம் அல்ல.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறு காட்சி. விழுபவர் விளிம்பில் உறைந்து நிற்பதாகத் தெரியும் என்பார்கள். கொள்கையளவில் சரி, நடைமுறையில் ஒன்றும் தெரியாது. அவரிடமிருந்து வரும் ஒளியின் அதிர்வெண், சஜிட்டேரியஸ் ஏ*-இல் ஒவ்வொரு 85 விநாடிக்கும் 2.7-இல் ஒரு பங்காகச் சுருங்கும். பச்சை ஒளி சுமார் 11 நிமிடத்தில் 1.3 மி.மீ. ரேடியோ அலையாகிவிடும். 10 சூரிய நிறைக் கருந்துளையில் அந்த 85 விநாடி, 0.2 மில்லிவிநாடி. கண் இமைப்பதற்குள் இருள். ஒளித்துகள்களான ஃபோட்டான்களின் எண்ணிக்கையும் முடிவுள்ளதே: விழுபவர் விளிம்பைத் தாண்டும் முன் கடைசியாக ஒரு ஃபோட்டானை வெளியே அனுப்பியிருப்பார், அதற்குப் பிறகு வர ஒன்றுமில்லை.

இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே தாளில் முதலில் காட்டியவர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், 1939-இல். அழுத்தமற்ற ஒரு விண்மீன் சரிவதைக் கணக்கிட்டார்கள். விண்மீனோடு விழுபவருக்குச் சுமார் ஒரு நாளில் கதை முடிகிறது, தொலைவில் இருப்பவருக்கு விளிம்பில் மெல்ல மங்குகிறது. அவர்களுக்கு முன்பே, 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று வழியிலேயே கண்டிருந்தார். இன்று நாம் சொல்லும் 1.4 சூரிய நிறை அதுதான். அதற்கு மேல் எலக்ட்ரான்களின் அழுத்தம் தோற்கும். விண்மீன் எதில் போய் நிற்கும் என்ற கேள்வி அங்கே பிறந்தது.

கொஞ்சம் கோணலாக, சமச்சீரின்றி விழுந்தால் தப்பிக்கலாமே என்று நினைத்தவர்களுக்கு 1965-இல் பென்ரோஸ் விடை சொன்னார். ஒளி வெளிப்பக்கம் கிளம்பினாலும் பரப்பளவு குறையும் ஒரு மூடிய பரப்பு உருவாகிவிட்டால், பொருளின் ஆற்றல் எதிர்மமாக இல்லாதவரை, உள்ளே ஏதோ ஒரு பாதை முடிந்தே தீரும். இந்தத் தேற்றத்துக்கு அடித்தளம் கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு. இணையாகப் போகும் பாதைகள் ஈர்ப்பால் எவ்வளவு வேகமாக ஒன்றையொன்று நோக்கிக் குவிகின்றன என்பதைச் சொல்வது அது. பாதை 'முடிகிறது' என்பதைக் கவனிக்க வேண்டும்; பென்ரோஸின் தேற்றம் புள்ளி என்று எங்கும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது

உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. விளிம்புக்கு வெளியே உள்ள எண்கள் சரியா என்று பார்க்கலாம். எம்87*-ஐ எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டு. கருந்துளையின் பின்னணியில் தெரியும் இருண்ட வட்டம் நிகழ்வெல்லையின் அளவில் இருக்காது. ஒளி வளைவதால் அது நிகழ்வெல்லையைப் போல் 2.6 மடங்கு பெரிதாகத் தெரியும். படத்தைப் பார்த்து 'அந்தக் கறுப்புதான் நிகழ்வெல்லை' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 650 கோடி சூரிய நிறைக்கு அந்த வட்டத்தின் கோண அளவு ஏறத்தாழ 40 மைக்ரோ விகலை வர வேண்டும் (விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, மைக்ரோ விகலை அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 2017 ஏப்ரலில் 1.3 மி.மீ. அலைநீளத்தில் எட்டுத் தொலைநோக்கிகளை இணைத்து எடுத்து, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட படத்தில் ஒளிவளையத்தின் குறுக்களவு 42, கூடவோ குறையவோ 3.

அதே நாள்களில் சஜிட்டேரியஸ் ஏ*-ஐயும் நோக்கினார்கள். ஆனால் படம் 2022 மே 12 அன்றுதான் வந்தது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் நிறை. சுழலாத கருந்துளையில் பொருள் நிலையாகச் சுற்றக்கூடிய கடைசி வட்டப்பாதை ஆரத்தைப் போல் மூன்று மடங்கில் இருக்கிறது. அதில் ஒரு சுற்று எம்87*-இல் 34 நாள், சஜிட்டேரியஸ் ஏ*-இல் வெறும் 33 நிமிடம். பூமி சுழலச் சுழலத் தொலைநோக்கிகள் பல மணி நேரம் தரவு சேர்த்தால்தான் படம் கூடும். எம்87* ஓர் இரவு முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. நம் கருந்துளையோ படம் எடுத்து முடிப்பதற்குள் பலமுறை முகம் மாறியது. 

காலவெளியில் பரவும் அதிர்வான ஈர்ப்பலையில் கிடைக்கும் சான்று எனக்கு இதைவிடவும் நெருக்கமானது. பெங்களூருவில் பின்னாளில் பணியாற்றிய சி. வி. விஸ்வேஸ்வரா 1970-இல் ஒரு கருந்துளையை அலையால் தட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். மணி அடித்தது போல அது ஒலித்து, விரைவில் அடங்கும். அந்த ஒலியைத் தீர்மானிப்பது நிறையும் சுழற்சியும் மட்டுமே. சுழலாத கருந்துளைக்கு 12,000-ஐ நிறையால் வகுத்தால் ஹெர்ட்ஸில் அதிர்வெண் கிடைக்கும். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகம் கண்ட நிகழ்வில் 36, 29 சூரிய நிறைகள் இணைந்து 62 ஆயின. மிச்சம் 3 ஈர்ப்பலையாகப் போயிற்று. 12,000-ஐ 62-ஆல் வகுத்தால் சுமார் 194 ஹெர்ட்ஸ். பிறந்த கருந்துளை வேகமாகச் சுழன்றதால் அது சுமார் 275 ஆக ஏறும். 130 கோடி ஒளியாண்டு வரும் வழியில் பிரபஞ்சம் விரிந்ததால் ஏறக்குறைய 9 விழுக்காடு இறங்கி 250-இல் நிற்க வேண்டும். கருவிகளில் பதிவானது 250-க்கு அருகே, சில மில்லிவிநாடிகளில் அடங்கிய ஒலி.

கருந்துளை மெல்லக் கதிர்வீசி ஆவியாகும் என்று ஹாக்கிங் கணித்த கதிர்வீச்சைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை 0.00000006 கெல்வின். விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வின். எனவே நாமறிந்த எந்தக் கருந்துளையும் இன்று ஆவியாகவில்லை. தருவதைவிடப் பெறுவதே அதிகம். நிலாவைவிட இலேசான கருந்துளை எங்காவது இருந்தால் மட்டுமே அது இப்போது இளைக்கத் தொடங்கும்.

புழுத்துளை ஏன் மூடிக்கொள்கிறது

இப்போது புழுத்துளைக்கு, அதாவது இரண்டு வெளிகளை இணைக்கும் குறுக்குவழிக்கு, வரலாம். இதை மேலே பார்த்த காலண்டரிலிருந்து தனியாகப் பிரித்துப் பேசுவதால்தான் அது மந்திரவாசல் போலத் தோன்றுகிறது.

1935-இல் ஐன்ஸ்டைனும் ரோஸனும் சுவார்ட்ஸ்சைல்டின் தீர்வு இரண்டு வெளிகளை இணைக்கும் பாலம் போல இருப்பதைக் கவனித்தார்கள். ஒரு கணத்தில் எடுத்த குறுக்குவெட்டில் அது உண்மை: இரண்டு புனல்களை வாலோடு வால் ஒட்டியது போல, நடுவே நிகழ்வெல்லை அளவுக்கு ஒரு கழுத்து. ஆனால் அந்தக் கழுத்துக்கு உள்ளே ஆரம் என்பது காலம் ஆயிற்றே. காலம் நகர்ந்தால் கழுத்தும் நகர்ந்தாக வேண்டும். சுழியத்திலிருந்து விரிந்து, நிகழ்வெல்லை அளவைத் தொட்டு, மறுபடி சுழியமாகச் சுருங்குகிறது. கழுத்தின் நடுவில் இருக்கும் கடிகாரத்தில் அதன் மொத்த ஆயுள் ஒரு சூரிய நிறைக்கு 31 மைக்ரோவிநாடி, சஜிட்டேரியஸ் ஏ* அளவுக்கு 133 விநாடி. ஃபுல்லரும் வீலரும் 1962-இல் இதைக் கணக்கிட்டு, ஒளியால்கூட மறுபக்கம் போக முடியாது, அதற்குள் கழுத்து இறுகிவிடும் என்று காட்டினார்கள். பாலத்தில் ஏறியவரை நெரிப்பதும், சாதாரணமாக விழுந்தவரை 28 விநாடியில் முடிப்பதும் ஒரே நிகழ்வுதான்.

அதுவும் என்றென்றும் இருந்துவரும் கருந்துளைக்கான கணக்கு. விண்மீன் சரிந்து பிறந்த கருந்துளையில் மறுபக்கப் புனலே கிடையாது, எல்லாவற்றையும் வெளியே மட்டும் தள்ளும் வெண்துளையும் கிடையாது. சமன்பாட்டின் அந்தப் பகுதிகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விண்மீனின் பொருள் உட்கார்ந்திருக்கிறது.

கெர் 1963-இல் தந்த சுழலும் தீர்வில் உள்ளே இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. காகிதத்தில் அதைத் தாண்டி வேறு வெளிகளுக்குப் போகலாம். ஆனால் அந்த உள்ளெல்லையை நெருங்குபவர் மீது வெளியிலிருந்து விழும் ஒளி எல்லையின்றி நீலப்பெயர்ச்சி அடைகிறது, அதாவது அதன் அதிர்வெண் ஏறிக்கொண்டே போகிறது. பாய்சனும் இஸ்ரேலும் 1990 வாக்கில் காட்டியபடி, உள்ளே வரும் சிறு கதிர்வீச்சும் அங்கே வளைவை வெடிக்கச் செய்யும். ஒரு சிறு தூசிகூட விழாத கருந்துளையில் மட்டும் திறந்திருக்கும் கதவு அது.

கழுத்தை இறுகவிடாமல் பிடித்துவைக்க என்ன வேண்டும் என்று 1988-இல் மாரிஸும் தார்னும் நேர்மையாகக் கணக்குப் போட்டார்கள். ராய்சௌதுரியின் குவிதலை எதிர்த்து ஒளிக்கதிர்கள் விரிய வேண்டும். அதற்கு ஆற்றல் அடர்த்தியை மிஞ்சும் இழுவிசை தேவை, அதாவது ஏதோ ஒரு நோக்கில் எதிர்ம ஆற்றல். கழுத்தின் ஆரம் ஒரு மீட்டர் என்றால் இழுவிசை சுமார் 5 × 10-இன் 42-ஆம் அடுக்கு பாஸ்கல். கழுத்தை ஏழு கிலோமீட்டராக அகலப்படுத்தினால் 10-இன் 35-ஆம் அடுக்காகக் குறையும். அது நிறைமிகுந்த நியூட்ரான் விண்மீனின் நடுவில் உள்ள அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம், ஆனால் திசை நேர்மாறு.

எதிர்ம ஆற்றல் வெறும் கற்பனை அல்ல. கசிமிர் 1948-இல் கணித்ததும், லமரோ 1997-இல் சில விழுக்காடு துல்லியத்தில் அளந்ததுமான விளைவில் அது இருக்கிறது. இரண்டு உலோகத் தட்டுகளை 100 நானோமீட்டர் இடைவெளியில் வைத்தால் அவை சுமார் 13 பாஸ்கல் அழுத்தத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும். இடையில் ஒரு கனமீட்டருக்கு 4 ஜூலுக்குச் சற்று மேல் எதிர்ம ஆற்றல். தேவைக்கும் இதற்கும் நடுவே 42 சுழியங்கள். இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் ஆற்றல் பத்தாயிரம் மடங்கு ஏறும் என்பதால் நெருக்கிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். ஒரு மீட்டர் கழுத்துக்குத் தேவையான அளவை எட்ட, இடைவெளி ஒரு புரோட்டானின் குறுக்களவில் 500-இல் ஒரு பங்குக்கு வர வேண்டும். தட்டுகளோ அணுக்களால் ஆனவை. ஓர் அணு அந்த இடைவெளியைப் போல் பல கோடி மடங்கு பெரியது.